அரசு முத்திரை பெற்ற ஹெட்லைட்

பிச்சை முகம்மது தன் நாற்பத்தாறு வருஷ வாழ்க்கையில் ஒரே ஒரு பெரிய தப்புத்தான் செய்தார். யாரும் கூப்பிடாமல், யாரும் பிடிக்காமல், தானாகவே ஓர் அரசாங்க அலுவலகத்தின் படியேறிப் போய், "ஐயா, நான் இன்ன காரியம் செஞ்சிருக்கேன், பதிஞ்சுக்கிடுங்க" என்று சொன்னார். திருடன்கூட இப்படிச் செய்ய மாட்டான். திருடாத மனுஷனுக்கு இதில் என்ன கேடு வந்துவிடும் என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறேன். சொல்லாவிட்டால் எனக்கே மனசு ஆறாது.

ஆள் பன் வியாபாரி. ராஜபாளையத்தில் ஒரு பேக்கரியில் விடியற்காலை நாலரைக்குச் சூடாகப் பன்னும் ரஸ்க்கும் வாங்கித் தகரப் பெட்டியில் அடைத்து, மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு, செட்டியார்பட்டி, சேத்தூர் என்று பதினாலு டீக்கடைகளுக்குப் போட்டுவிட்டு வருவார். ஆறு மணிக்குள் போய்ச் சேர்ந்தால் பன் விற்கும். மில்லுக்கும் வயலுக்கும் போகிற கூட்டம் டீயில் முக்கித் தின்றுவிட்டுப் போய்விடும். ஆறரைக்குப் போனால் அதே பன் சாயங்காலம்வரை கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து கல்லாகும்.

வண்டி இருபது வருஷப் பழசு. ஆறு வோல்ட் பேட்டரி. ஹெட்லைட்டைப் போட்டால் அது எரிகிறதா என்று பார்க்க இன்னொரு விளக்கு வேண்டும். முறுக்கினால் கொஞ்சம் வெளிச்சம் வரும், வேகம் குறைந்தால் அதுவும் போய்விடும். ஆக, ரோடு தெரிய வேண்டுமென்றால் வேகமாகப் போக வேண்டும். ரோடு தெரியாத மனுஷன் எப்படி வேகமாகப் போவான்? இந்தக் கணக்கை ஐந்து வருஷமாகப் போட்டுக்கொண்டே பிச்சை முகம்மது வண்டி ஓட்டினார்.

எண்பத்தெட்டாம் வருஷம் மார்கழியில் ஒருநாள், சேத்தூருக்குச் சற்று முன்னால், கத்தரிக்காய்க் கூடையோடு முதல் பஸ்சுக்கு வந்துகொண்டிருந்த சுடலைமாடத்தி அவர் கண்ணுக்குத் தெரிந்தபோது, முன் சக்கரத்துக்கும் அவள் காலுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. பிரேக்கில் ஏறி நின்றார். கூடை விழுந்து கத்தரிக்காய் ரோடெல்லாம் உருண்டது.

"யோவ் பாய், ஒமக்குக் கண்ணு பொடதியிலயா இருக்கு? எம்புள்ளைகளுக்கு நான் ஒருத்திதானேய்யா!"

அவர் குனிந்து ஒவ்வொரு கத்தரிக்காயாகப் பொறுக்கினார். கூடையைத் தூக்கி அவள் தலையில் வைத்தார். அன்றையிலிருந்து தூக்கம் போயிற்று. ராத்திரியில் எழுந்து வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தார். மனைவி நூர்பானு இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள்.

"இந்தாங்க, ஒரு உசுரு போனா பொறவு பன்னு வித்து என்ன ஆகப் போவுது? என் தம்பிகிட்ட வண்டியக் கொண்டு போங்க. நல்ல லைட்டாப் போட்டுத் தருவான்."

தம்பி காதர் மெக்கானிக். வண்டியைச் சுற்றிவந்து பார்த்தான்.

"பல்ப மட்டும் மாத்துனா பத்தாது மச்சான். இந்த ஆறு வோல்ட்டுல ஹாலஜன் போட்டா பேட்டரி நாலே நாள்ல நாக்குத் தள்ளிரும். மொத்தத்தையும் பன்னெண்டுக்கு மாத்தணும்."

மாற்றினான். காயிலைப் புதிதாகச் சுற்றினான். பேட்டரி, ரெக்டிபையர் புதுசு. வயரைத் தடிப்பாகப் போட்டான். ரசம் போன ரிப்ளெக்டரைத் தூக்கி எறிந்தான். கடைசியில் ஹாலஜன் பல்பைத் துணியால் பிடித்து, "கண்ணாடியில கை படப்பிடாது மச்சான், எண்ணப்பசை பட்டா பல்பு பொசுக்குனு போயிரும்" என்று சொல்லிக்கொண்டே மாட்டினான்.

மறுநாள் காலையில் பிச்சை முகம்மது ரோட்டைப் பார்த்தார். ஐந்து வருஷமாகத் தினமும் போய்வந்த ரோட்டில் ஒரு மைல்கல் இருப்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. எதிரே ஆள் வந்தால் ஒழுங்காக டிம் பண்ணினார். சுடலைமாடத்திகூட, "நீரு வாரது வளைவுலயே தெரிஞ்சிருது பாய், ஒதுங்கிக்கிடுதேன்" என்றாள். பத்து நாள் மனுஷன் நிம்மதியாகத் தூங்கினார்.

பதினோராம் நாள் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிய ஆட்டோ ஒன்று தெருவில் வந்தது. "வாகனங்களில் ஒளி மாற்றம் செய்தோர் தாமாக முன்வந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஒளி ஒழுங்குத் தனிப் பிரிவில் தெரிவித்து ஒத்துழைக்குமாறு..." என்று கத்திக்கொண்டு போயிற்று. அப்படி ஒரு பிரிவை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். யாரும் கேள்விப்படாமல் மாதாமாதம் சம்பளம் வாங்கிய இடம் அது.

"மச்சான், அந்தப் பக்கம் தலவச்சுப் படுக்காதீக" என்றான் காதர்.

"நாம என்னலே தப்பா செஞ்சிருக்கோம்? கேட்டாங்க, சொல்லீட்டு வந்துருவோம்" என்று பிச்சை முகம்மது வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பழைய வீட்டின் மாடியில் இருந்தது ஒளிப் பிரிவு. உள்ளே நுழைந்ததும் ஆள் அடையாளம் தெரிய ஐந்து நிமிஷம் பிடித்தது. மின்கட்டணத்துக்கு ஒதுக்கீடு வரவில்லையாம். எழுத்தர் வேலுசாமி ஜன்னலோரம் தாளைச் சாய்த்துப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் ஒரு பெரிய பதிவேட்டைத் திறந்தார்.

"யார் பிடிச்சது ஒங்களை?"

"யாரும் பிடிக்கலை சார். நானாத்தான் வந்தேன்."

"அது சரி, பிடிச்ச அலுவலர் பேரு?"

"பிடிக்கலையே சார்."

வேலுசாமி பேனாவை மூடினார். "பாய், இந்தா பாருங்க. நாலாவது கட்டம், பிடித்தவர் பெயர். அஞ்சாவது கட்டம், பிடித்த இடம். இது ரெண்டும் இல்லாம நான் எப்படி ஆறாவது கட்டத்துக்குப் போறது? பன்னெண்டு வருஷ சர்வீஸ்ல தானா வந்த ஆள நான் பாத்ததே இல்ல. ஒண்ணு செய்ங்க. கீழ டீக்கடையில ஆய்வாளர் பால்ச்சாமி சார் இருக்காரு. அவர் முன்னால வண்டிய ஓட்டுங்க. பிடிப்பாரு. பொறவு மேல வாங்க."

பிச்சை முகம்மது கீழே போய், பால்ச்சாமியிடம் தன்னைப் பிடிக்கும்படி பணிவோடு கேட்டுக்கொண்டார். பால்ச்சாமி நல்ல மனுஷர். "ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க பாய், லைட்டப் போட்டுக்கிட்டு" என்றார். முதல் சுற்றில் அவர் வடையை எடுத்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. இரண்டாம் சுற்றில் நடுவே ஒரு லாரி வந்துவிட்டது. மூன்றாம் சுற்றில் விசிலை ஊதினார். 'நின்ற இடத்தில்', 'விரட்டி' என்று பாரத்தில் இரண்டே வகைதான் இருந்தது. வண்டி நின்றுகொண்டிருக்கவில்லையே என்பதால், விரட்டிப் பிடித்ததாக எழுதினார். விளக்கு கண்ணைப் பறிக்கும் அளவுக்கு எரிந்தது என்றும் எழுதி, ஆர்.சி. புத்தகத்தை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"சார், மூணு தடவ ஒங்க முன்னாலதானே சார் போனேன்?"

"அதையும் சேத்திருக்கேன் பாய். மும்முறை தப்பிக்க முயன்றார்னு."

அடுத்தது சோதனை. ஒளிப் பிரிவில் 'கண் கூசுநர்' என்று ஒரு பதவி இருந்தது. வண்டி விளக்கு எட்டு மீட்டர் தூரத்தில் இருக்கும்போது அதைப் பார்த்துக் கண் கூசுகிறதா இல்லையா என்று எழுதிக் கொடுக்க வேண்டியது அவர் வேலை. அதற்கென்று ஓர் இருட்டறையும் கட்டியிருந்தார்கள். இருட்டறைக்கு அனுமதி கேட்டு எழுதிய கோப்புகளால் அந்த அறை நிரம்பிவிட்டபடியால், சோதனை உச்சி வெயிலில், நடுத்தெருவில் நடந்தது.

கண் கூசுநர் இருளப்பசாமியைக் கையைப் பிடித்து அழைத்துவந்து ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். இருபத்திரண்டு வருஷமாக அரசாங்கத்துக்காகக் கண் கூசிக் கூசி, இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. பிச்சை முகம்மது பிரைட்டில் போட்டார்.

"அண்ணாச்சி, கூசுதா?" என்று கேட்டார் வேலுசாமி.

"இல்லையே."

"நல்லாப் பாருங்க. என்ன தெரியுது?"

இருளப்பசாமி நிதானமாகக் கேட்டார்: "வண்டி வந்துருச்சா?"

விளக்கு எரியவில்லை என்று அறிக்கை எழுதப்பட்டது. இருளப்பசாமியின் கட்டைவிரலை வேலுசாமி பிடித்துச் சரியான இடத்தில் வைத்தார்.

இப்போது ஒரே கோப்பில் ஒரே பல்பு கண்ணைப் பறிக்கும்படியும் எரிந்தது, எரியாமலும் இருந்தது. கோப்பு தனி அலுவலர் சுந்தரபாண்டியனிடம் போனது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, பிச்சை முகம்மதை உட்காரச் சொன்னார். அவ்வளவு மரியாதையான மனுஷர்.

"பாய், நீங்க நினைக்கலாம், இதுல ஒண்ணு பொய்யின்னு. அப்படி இல்ல. ரெண்டு பேரும் அரசாங்கச் சம்பளம் வாங்குறவங்க. ஒருத்தர் சொன்னதை ஏத்துக்கிட்டா இன்னொருத்தருக்குத் தண்டச் சம்பளம் குடுத்தேன்னு ஆடிட்ல கேப்பான். அதனால ரெண்டையும் ஏத்துக்கிறோம். அதிக ஒளி, ஒளியின்மை. ஆனா ரெண்டையும் கூட்டி வகுத்துப் பாத்தா ஒங்க விளக்கு சரியான வெளிச்சம்தான். மனிதாபிமானத்தோட பாத்து, நான் சான்றிதழ் குடுக்கலாம்னு இருக்கேன்."

பிச்சை முகம்மது எழுந்து கும்பிட்டார். அவசரப்பட்டுவிட்டார்.

"அதுக்கு முந்தி கறுப்புப் பெயின்ட் அடிக்கணும். எழுபத்தொம்பதாம் வருஷ ஆணைப்படி ஹெட்லைட்டுல மேல் பாதி."

அது எல்லாரும் அடிக்கிறதுதான். பிச்சை முகம்மது தலையாட்டினார்.

"எண்பத்துநாலாம் வருஷ ஆணைப்படி கீழ் பாதி."

"சார்?"

"ரெண்டாவது ஆணை மொத ஆணைய ரத்து பண்ணலையே. அரசாங்கம் தன் வாயால சொன்னதை நானோ நீங்களோ இல்லைன்னு சொல்ல முடியுமா?"

"அப்ப வெளிச்சம் எது வழியா சார் வரும்?"

சுந்தரபாண்டியன் அன்போடு சிரித்தார். "அதுக்கு மூணாவது ஆணை வரும். இன்னும் வரலை."

வேலுசாமி பிரஷ்ஷோடு கீழே இறங்கி, மேல் பாதியை அடித்து, அதற்கு ஒரு கையெழுத்து வாங்கி, கீழ் பாதியை அடித்து, அதற்கும் ஒரு கையெழுத்து வாங்கினார். விளிம்பில் அரக்கு உருக்கி முத்திரை குத்தினார். பூச்சு கீறப்பட்டால் வண்டி பறிமுதல் என்று மஞ்சள் தாளில் எழுதிக் கொடுத்தார். சான்றிதழும் ஆர்.சி. புத்தகமும் சாலைப் பாதுகாப்பு விழா மேடையில் தரப்படும், அது அடுத்த மாதம்.

காதர் வண்டியைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவன் போட்ட பல்பு உள்ளே பிரமாதமாக எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தால் சூடு தெரிந்தது, அவ்வளவுதான். "சுரண்டிருவோமா மச்சான்?" என்றான். பிச்சை முகம்மது மஞ்சள் தாளை எடுத்துக் காட்டினார். வண்டி போனால் பதினாலு கடையும் போச்சு.

மறுநாளிலிருந்து அவர் நாலரை மணிக்குப் பன் பெட்டியோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார். கிழக்கு வெளுத்த பிறகுதான் உதைத்துக் கிளப்புவார். சேத்தூர் போய்ச் சேர ஏழாயிற்று. இடையில் நூர்பானு ஒரு டார்ச் லைட்டை ஹேண்டில்பாரில் கட்டிக் கொடுத்தாள். கூடுதல் விளக்குக்குத் தனி விண்ணப்பம் என்று பால்ச்சாமி எங்கோ பார்த்துவிட்டுச் சொல்லியனுப்பினார். மூன்று வாரத்தில் ஆறு கடைகள் சைக்கிளில் பன் கொண்டுவருகிற வேறொருத்தனிடம் மாறிவிட்டன. சேத்தூர் டீக்கடைச் சந்தனம் ஐந்து வருஷப் பழக்கம். அவர் முகத்தைப் பார்க்காமல் டீ ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"கோவிச்சுக்கிடாதீரும் பாய். திங்குறவன் போன பொறவு பன்னு வந்து நான் யாருக்குக் குடுக்க? இந்த வாரம் பாப்பேன். அம்புட்டுதான்."

பிச்சை முகம்மது நேரே ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனார். வெளிச்சம் பற்றவில்லை என்று முறையிட வேண்டும் என்றார். வேலுசாமி பாரம் எடுத்தார்.

"விபத்து எப்ப நடந்துச்சு?"

"நடக்கலை சார். நடந்துரக் கூடாதேன்னுதான் வந்தேன்."

"பாத்தீங்களா, மறுபடியும் முந்திக்கிட்டு வாரீங்க! போதிய வெளிச்சம் இல்லைங்கிறதுக்கு ஆதாரம் வேணும்ல? ஒரு விபத்து நடக்கட்டும். அடிபட்டா வெள்ளைப் பாரம், ஆள் தவறிட்டா மஞ்சள் பாரம். மஞ்சள்னா சீக்கிரம் நகரும்."

பிச்சை முகம்மது வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் அதிகாரி முன்னால் சத்தம் போட்டார். "யா அல்லா! ஒரு பொம்பளப் புள்ள கால்ல வண்டிய ஏத்திட்டு வரச் சொல்லுதீகளா? அதுக்குப் பயந்துதானய்யா நான் பல்ப மாத்துனேன்! தூக்கமில்லாம மாத்துனேன்யா!"

மாடியில் ஒரு நொடி எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு வேலுசாமி, "மனு கொடுக்க விருப்பமில்லை" என்று எழுதிக்கொண்டார்.

விழா நாள் வந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு ஷாமியானா, ரோஸ்மில்க், நாலு வரிசை நாற்காலி. மேலும் கீழும் பூச்சு அடித்த ஒரே வண்டி பிச்சை முகம்மதுவுடையது. அதற்கு மாலை போட்டு மேடைக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். சுந்தரபாண்டியன் மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே! இந்த வாகனத்தின் விளக்கால் கண் கூசியதாக இந்த ஒரு மாதத்தில் ஒரு புகாராவது வந்ததா? இல்லை! இதுதான் நம் பிரிவின் சாதனை. நான் கனவு காண்கிறேன். இந்த வட்டாரத்தின் ஒவ்வொரு வாகனமும் இதே நிலையை அடையும் நாளில், இரவு நேரத்தில் எந்தக் குடிமகனின் கண்ணுக்கும் எந்தத் தொந்தரவும் இராது. அதுவரை நாங்கள் உறங்க மாட்டோம். ஆய்வுக்கு ஆள் போதாது, இன்னும் நான்கு கண் கூசுநர் பணியிடங்கள் வேண்டுமென்று மேலிடத்தைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

கைதட்டினார்கள். சான்றிதழும் ஆர்.சி. புத்தகமும் கைக்கு வந்தன. இருளப்பசாமிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எல்லாம் முடிந்தபோது ஏழு மணி ஆகி, நன்றாக இருட்டிவிட்டது. அப்போதுதான் செய்தி வந்தது, பஸ்காரர்கள் திடீர் ஸ்டிரைக். சுந்தரபாண்டியனுக்கு வீடு ராஜபாளையத்தில்.

"பாய், நீங்க அங்கதானே? என்னை இறக்கி விட்டுருங்க."

"விடிஞ்ச பொறவு போகலாம் சார். நான் இங்க தெரிஞ்சவுக வீட்டுல படுத்துக்கிடுவேன்."

"அட, என் கையெழுத்துப் போட்ட வண்டி! பயப்படாம எடுங்க."

எடுத்தார். ஊர் வெளிச்சம் உள்ளவரை சுந்தரபாண்டியன் தன் பேச்சு எப்படி இருந்தது என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஊரைத் தாண்டியதும் பேச்சு குறைந்தது. செத்த நேரத்தில் நின்றே விட்டது.

"லைட்டப் போடுங்க பாய்."

"போட்டுத்தான் சார் இருக்கு."

"பிரைட்டுல போடுங்கய்யா!"

"பிரைட்டுலதான் சார் இருக்கு."

வளைவில் வைக்கோல் வண்டி ஒன்று போய்க்கொண்டிருந்தது. பிச்சை முகம்மது அதைப் பார்க்கவில்லை, வாடைதான் அடித்தது. பிரேக்கில் ஏறி நின்றார். வைக்கோல் இருவர் முகத்திலும் உரசி, சுந்தரபாண்டியனின் கண்ணாடியைத் தட்டிவிட்டது. "ஏலே, பாத்து வரப்பிடாதா?" என்று உள்ளிருந்து ஒரு குரல் மட்டும் கேட்டது. மாடுகள் நிற்காமல் போய்விட்டன.

சுந்தரபாண்டியன் ரோட்டில் தவழ்ந்து கண்ணாடியைத் தேடி எடுத்தார். "எனக்கு ரெண்டு பொட்டப் புள்ளைக இருக்கு பாய்... ரெண்டு பொட்டப் புள்ளைக..." என்று சொல்லிக்கொண்டே வண்டிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். இடுப்பிலிருந்து ஆபீஸ் அலமாரிச் சாவியை உருவினார். ஹெட்லைட்டைச் சுரண்ட ஆரம்பித்தார். நகத்தாலும் சுரண்டினார். அரக்கு முத்திரை பொடியாக உதிர்ந்தது.

"சார், வேண்டாம் சார். பறிமுதல் பண்ணீருவாக."

"யார்யா பண்ணுறது? நான்தானேய்யா பண்ணணும்!"

முதலில் ஒரு கோடு வெளிச்சம் வந்தது. பிறகு உள்ளங்கையளவு. கடைசியில் முழு ஹாலஜனும் ரோட்டில் கொட்டியது. தூரத்தில் வைக்கோல் வண்டியும், ஒதுங்கி நடக்கிற நாலு பேரும், பள்ளமும் மேடும் தெரிந்தன. சுந்தரபாண்டியன் ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கினார். ராஜபாளையம் வருகிற வரை ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார்.

"நல்ல லைட்டா இருக்கே பாய். எங்க மாத்துனீங்க?"

மறுநாள் காலை ஐந்தரைக்குச் சந்தனம் கடையில் பன் இறங்கியது. அந்த வாரத்திலேயே விட்டுப்போன ஆறு கடையில் நாலு கடை திரும்பி வந்தது. பிச்சை முகம்மது மறுபடியும் தூங்கினார்.

பத்தாம் நாள் சாயங்காலம் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. தன் மூக்குக்கண்ணாடியைப் பேக்கரியில் மறந்து வைத்துவிட்டதால், மறுநாள் விடியற்காலை பேக்கரி வாசலுக்குப் போய் அதை வாங்கி மாட்டிக்கொண்டு, ஹெட்லைட் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துதான் வாசித்தார். அன்றைக்குச் சொந்தக்காரர் கல்யாணத்துக்குச் சேத்தூர் போவதற்காக நூர்பானுவும் கூட வந்திருந்தாள்.

'தங்கள் வாகனத்தின் முகப்பு விளக்கில் இடப்பட்ட அரசு முத்திரைப் பூச்சு முற்றிலும் அழிக்கப்பட்டுள்ளது. அழிக்கப்பட்டதை நேரில் கண்ட சாட்சி: கீழே கையொப்பமிட்டுள்ள தனி அலுவலர். அழிக்கப் பயன்பட்ட கருவி: இவ்வலுவலக அலமாரிச் சாவி. அரசுக்குச் சொந்தமான மேற்படி சாவி சம்பவ இடத்துக்கு எவ்வாறு வந்தது என்பதற்குத் தாங்கள் ஏழு நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கமளிக்க வேண்டும்.'

"என்னங்க எழுதியிருக்கு?" என்றாள் நூர்பானு.

"எழுத்தெல்லாம் நல்லாத் தெரியுது, நூரு" என்றார் பிச்சை முகம்மது. கடிதத்தைப் பெட்டியில் பன்னுக்கு அடியில் விரித்தார். "ஏறு, நேரமாவுது."